மடிப்புக்குக் கீழே மூன்று வரி

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது ஃபாதர், டீயில் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். முழங்கால் மடங்காததால் பாவசங்கீர்த்தனத்தை இந்த நாற்காலியிலேயே வைத்துக்கொள்வோம், என் பாவங்களை உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறேன். மாதாவுக்கு என் முழங்காலைப் பற்றித் தெரியும்.

முப்பத்தாறு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தேன். கோர்ட் நோட்டீசு, துபாய் விசா, உரமூட்டையில் அச்சடித்தது எதுவானாலும் இந்த இஞ்ஞாசிமுத்து வாய் திறந்தால்தான் கம்பத்துக்குத் தெற்கே விளங்கும். வைகை அணை மதகைக்கூட என்னைக் கேட்டுத்தான் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு போன் வந்தது. காட்டினால் அதுவே தமிழில் சொல்கிறது. ஓய்வுபெற்ற இந்த ஆறு வருடத்தில், சமீபகாலம் வரை, என்னைத் தேடி வந்தது ஒரே ஆள். அவரும் பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்க வந்தவர்.

பள்ளி நூலகத்தைக் காலி செய்தபோது மூன்று சாக்கு பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தூக்கி வந்திருந்தேன். இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவில் வந்தவை. அந்தக் காலத்து நிருபர்களுக்கு ‘மிஸ்டரி’ என்ற சொல்மேல் அப்படி ஒரு மோகம். கோயில் யானைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மிஸ்டரி. தாசில்தார் குடையைக் காணோம், அதுவும் மிஸ்டரி. கொட்டை எழுத்தில் தலைப்பைப் போட்டுவிட்டு, குடை மச்சினன் வீட்டில் இருந்ததாக நாலாவது வரியில் முடித்துவிடுவார்கள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மிஸ்டரி எண்ணினேன். ஒன்றில்கூட மர்மம் இல்லை.

அதில் ஒன்று, 1934-இல் ‘கம்பம் கிணற்று மரண மிஸ்டரி’. செத்தவர் நம் ஆரோக்கிய பிரபுவின் பூட்டன். கிணறு ரீட்டா வீட்டுக் கிணறு.

பிரபு மகள் அனிதா மேரிக்கும் ரீட்டா மகன் சகாய பிரவீனுக்கும் கல்யாணம் என்று பூசையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அறிவிப்பு ஓலையில் இரண்டை நீங்களே வாசித்தீர்கள். தடை ஏதும் தெரிந்தால் சொல்லும்படி இரண்டு முறையும் கேட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் ஒரு வாத்தியாருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பிரபுவைக் கூப்பிட்டுத் தலைப்பைக் காட்டினேன். அதற்குக் கீழே மூன்று வரி மடிப்புக்குள் இருந்தது. பழைய தாள், மடிப்பு தானாக விழுந்தது என்றும் சொல்லலாம்.

“மிஸ்டரின்னா என்னா சார், கொலையா?”

“நான் அப்படிச் சொல்லலப்பா. பேப்பர்ல போட்டிருக்காக.”

பிரபு தலைப்பைப் போனிடம் காட்டிப் பார்த்தார். அதுவும் ‘மர்மம்’ என்றது. அந்தச் சாதனம் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

சேதி காதில் விழுந்து அரை மணியில் ரீட்டா வந்து பிரபு எதிரே நின்றாள். “ஏண்ணே, நேத்து வரைக்கும் எங்க வீட்டுல கை நனைச்ச ஆளு, இன்னைக்கு ஒரு காயிதத்தப் பிடிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரரு பூட்டனக் கொலகாரர்ங்கிற?”

“போட்டவன் கிறுக்கனா? அங்கன அச்சுல இருக்கு, படிச்சுக்க” என்றார் பிரபு.

“படிச்சுத்தான் கிழிச்சோம் ரெண்டு பேரும்.”

மூன்றாவது ஓலை நின்றது. அன்றிலிருந்து நாலு மணிக்குப் பிரபு வருகிறார், ஐந்தரைக்கு ரீட்டா. இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வருகிறது. வீட்டில் வைக்க இடமில்லை.

நேற்று அனிதா தனியாக வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை.

“சார், அப்பா போடியில வேற மாப்பிள்ள பாத்துட்டாக. ஞாயித்துக்கிழம பேசி முடிக்க வர்றாக. அந்தத் தலைப்புக்குக் கீழ ஒண்ணுமே எழுதலையா?”

தாளை எடுத்துக் காட்டினேன். அடிப்பாகம் இல்லை. “கரையான்மா” என்றேன். கரையான் அவ்வளவு நேராக வெட்டாது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கத்தரிக்கோல் என்னுடையதுதான் ஃபாதர். மூன்று வரியும் என் ஜெபமாலைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பிரபுவின் பூட்டன் தண்ணீர் இறைக்கும்போது நெஞ்சுவலி வந்து கிணற்றில் விழுந்தார். கிணற்றுக்காரரே குதித்துத் தூக்கினார். தோளில் சுமந்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வளவுதான் செய்தி.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது, அந்தச் சட்டம் தெரிந்துதான் வந்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். பிரபுவும் ரீட்டாவும் என் வீட்டுக்கு வருவது நிற்கட்டும், மறுநாளே அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

கிளம்புகிறேன் ஃபாதர். நாலு மணிக்குப் பிரபு வந்துவிடுவார்.