குலுக்கிப் போட்ட சீட்டு

அருமனையிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் திடீரென்று சொன்னார்:

“கர்த்தருக்கு நான் ஒரு சான்சும் குடுக்கல்ல மக்கா.”

“எதுக்கு?”

“சபைச் செயலர் தேர்தல்ல எனக்கும் ஞானமுத்து அண்ணனுக்கும் சமமா ஓட்டு வந்துதுல்லியா? ஜெபம் பண்ணி சீட்டு எடுப்போம், கர்த்தரே ஆளைக் காட்டட்டும்னு போதகர் சொன்னாரு. சீட்டு எழுதினது நான். ரெண்டுலயும் எனக்க பேரை எழுதிட்டேன்.”

நண்பர் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“எடுத்தது யாரு?”

“அண்ணன்தான். எனக்க பேரை வாசிச்சுட்டு, கர்த்தர் தெரிஞ்செடுத்த ஆளுன்னு என்னைக் கெட்டிப்பிடிச்சாரு.”

“மத்த சீட்டு?”

“எல்லாரும் கண்ணடைச்சு ஸ்தோத்திர ஜெபம் பண்ணினப்ப வாயில போட்டு முழுங்கிட்டேன். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் எழும்பி எனக்க பேரைச் சொல்லி ஜெபிக்காரு. தலை நிமிர முடியல்ல.”

“விடு மக்கா. ஒழுங்கா எழுதியிருந்தாலும் உனக்க பேருதான் வந்திருக்கும்.”

“வந்திருக்கலாம்,” என்றார் அவர். “அத அறியத்தான் இனி எனக்கு வழியில்ல.”