பாத்ரூமுக்கு ஒரு ஹீட்டர் ஃபேன்

கோவில்பட்டியில் ஹீட்டர் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள், மேடம். எலெக்ட்ரிகல் கடை சுடலைராஜும் சிரித்தார்.

"மதினி, நம்ம ஊர் வெயிலுக்குப் பாத்ரூம்ல சூடு வேற வேணுமாக்கும்?"

"உங்க அண்ணாச்சிக்குக் கைகால் வராமப் போச்சுல்லா. குளிப்பாட்டுனா நடுங்குதாவ" என்றேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

நடுங்கியது உண்மை. என் வீட்டுக்காரர் காளிராஜுக்குப் போன ஐப்பசியில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிதான் திரும்பியது. நான்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவேன். தீப்பெட்டிக் கம்பெனியையும் நானே பார்த்துக்கொண்டேன். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

மாசியில் ஒருநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது நடுங்கிக்கொண்டே சொன்னார்: "பொன்மணி, அந்த ஹீட்டர் ஃபேனப் போடு."

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. பொன்மணியும் கிடையாது.

நான் கோபப்படவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "எந்த ஃபேனு? எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். திக்கித் திக்கி, ஆசையாகச் சொன்னார். வெள்ளை நிறமாம். கொடைக்கானல் வீட்டில் அவரே வாங்கி மாட்டினாராம். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம்.

"எந்தப் புள்ளைக்கு?"

"நம்ம பயலுக்குத்தான்." வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

எனக்குப் பிள்ளை இல்லை, மேடம். நான் கோயில் கோயிலாக அலைந்தபோது, "நமக்கு எதுக்குட்டி புள்ள, நீ போதும்" என்றவர் அவர். மாதாமாதம் சரக்கு விஷயமாகத் திண்டுக்கல் போகிறேன் என்று கிளம்புவார். அங்குள்ள வியாபாரிகளுக்கென்று நான் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடுவேன். தின்றது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுடலைராஜ் இரண்டு ஃபேன் எடுத்துக் காட்டினார். ஒன்று, சூடு அதிகமானால் தானாக நின்றுவிடும். மற்றதில் சூட்டுக்கும் காற்றை வெளியே இழுப்பதற்கும் தனித்தனி சுவிட்ச். நாமாக நிறுத்தினால்தான் நிற்கும். வெள்ளை நிறம். அதைத்தான் எடுத்தேன்.

"இது வேண்டாம் மதினி. கதவச் சாத்திட்டா உள்ள அனலா அடிக்கும். ஆளு கூடவே நிக்கணும்."

"நான் நிப்பேன்லா" என்றேன்.

சித்திரையில் மாட்டினோம். மறுநாள் காலையில் அவரைக் குளிப்பாட்டி, நாற்காலியிலேயே உட்காரவைத்து, சூட்டை மட்டும் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவை வெளியே தாழிட்டேன். அப்படியே விட்டுவிட்டு எங்கேயும் போய்விடவில்லை. பாத்ரூம் வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பொன்மணியைத்தான் கூப்பிட்டார். அவளே வந்து திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் திறந்திருப்பேன் என்று நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது சரியில்லை. கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார். 'சத்தியபாமா' என்று முழுசாக, திக்காமல். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் என் பெயர் அவ்வளவு தெளிவாக வந்ததே இல்லை.

இன்னொரு தடவை கூப்பிடுவார், கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.