ரோலரின் கண்

இப்போதைய ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஃபோன் வேண்டும். மழை பெய்கிறதா என்று கதவைத் திறந்து பார்ப்பதில்லை, ஃபோனில் பார்க்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் இருப்பவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவும் அதுதான். இதைச் சொன்னால் கிழவனுக்குப் பொறாமை என்கிறார்கள். எனக்குப் பொறாமை கிடையாது.

பொலிஸ் சார்ஜன் மர்சூக் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். வாசித்தும் காட்டினார். எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் அடுத்தவன் எழுதியதை நம்புகிற பழக்கமில்லை. அதனால் நானே இன்னொரு தடவை சொல்கிறேன்.

என் பெயர் வேலுசாமி. கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் முப்பத்தெட்டு வருஷம் ரோலரில் நின்றவன். ஃபெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். உறைந்த ரப்பர் பால் கட்டியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே தள்ள வேண்டும், மறுபக்கம் தகடாக வரும். கை கட்டியோடு கிட்டே போகும், கடைசி நேரத்தில் திரும்பி வர வேண்டும். வேலையே அவ்வளவுதான். என் இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. அதற்காக நான் யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

போன வருஷம் கம்பெனி நாலு ரோலருக்கும் கண் வைத்தது. கறுப்புப் பெட்டி, அதில் சுண்டுவிரல் நகமளவு கண்ணாடி. மனுஷச் சூடு கிட்டே வந்தால் மெஷினை நிறுத்தும், நிறுத்தியதை உடனே கொழும்புக்கும் சொல்லிவிடும். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் நிரஞ்சன், எங்கள் தோட்டத்து மெனேஜர் துரையிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னதை நான் கேட்டேன்.

"இவ்வளவு செலவழிச்சு வச்சதுக்குப் பலன் எங்கன்னு மேல கேக்கிறாங்க சேர். மெஷின் நிக்கிறதுதான் கூடியிருக்கு."

அன்றிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்டோர்க் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். எந்த ரோலர், யார் நின்றது, எத்தனை தடவை நின்றது. மேலே எப்போதும் என் பெயர். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை. கை கிட்டே போனால்தான் தகடு ஒரே கனமாக வரும். அது அந்தக் கண்ணுக்கு விளங்குமா?

என் ரோலரின் மறுபக்கம் தகடு இழுத்தவள் தர்மிளா. இருபத்து நாலு வயது, படித்தவள், அதனால் கண்ணோடு இணைத்த ஒரு ஃபோனை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மெஷின் நிற்கும்போதெல்லாம் அது கூவும்.

"தாத்தா, மறுபடியும் கண்ணடிச்சிருச்சு. ஒங்க மேல அதுக்கு ஒரு இதுதான்."

ஸ்டோரே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

துரை சிங்களவர், தமிழும் பேசுவார். ஒரு நாள் கூப்பிட்டு, "வேலுசாமி, தென் எத்தி. தீபாவளியோட வீட்டுல இருங்க" என்றார். தென் எத்தி என்றால் இனிப் போதுமாம்.

அதற்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. வருஷா வருஷம் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பவன் நான். இந்தத் தடவை என் ரோலரின் கண்ணுக்கும் வைத்தேன். சந்தனம் கனமாக, அதன் மேல் குங்குமம். தெரியாமல் வைத்ததாகத்தான் முதலில் சார்ஜனிடம் சொன்னேன். அது பொய். தெரிந்துதான் வைத்தேன்.

மறுநாள் ரோலர் ஒரு தடவையும் நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் சாமிப் பொட்டைத் தொடமாட்டார்கள். துரை பூசைக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர், அவரும் தொடவில்லை. நிரஞ்சன் கொழும்பிலிருந்து ஃபோனைப் பார்க்கிறவர், மெஷினைப் பார்க்கிறவர் இல்லை. மூன்றாம் வாரம் கேக் பெட்டியோடு வந்தார்.

"இப்பதான் போட்ட காசுக்குப் பலன் தெரியுது. ரெண்டாம் நம்பர் ரோலர் ஒருக்காலும் நிக்கல. மத்த மூணுக்கும் இதுதான் உதாரணம்."

என்னையும் மெஷினையும் சேர்த்துப் படம் பிடித்தார். பொட்டும் அந்தப் படத்தில் விழுந்திருக்கும். தீபாவளிக்கு என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

ஆனால் இவ்வளவு நன்றாக ஓடுகிற மெஷினுக்கு இரண்டு ஆள் எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள். கண் பார்த்துக்கொள்ளும், ஒரு ஆள் போதும் என்றார்கள். அந்த ஒரு ஆள் தர்மிளா. எனக்கு விளக்குமாறு கொடுத்தார்கள். நான் கூட்டுகிற இடம் கதவோரம், மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டனுக்குக் கீழே.

அப்போது நான் பொட்டைத் துடைத்திருக்கலாம். அவளே ஒரு நாள் கேட்டாள்.

"தாத்தா, பொட்டு காஞ்சு உதிருது. தொடச்சிறவா?"

"சாமிக்கு வச்சதத் தொடாத புள்ள. வெளங்காமப் போயிருவ."

"ஐயையோ, நமக்கு வேணாம்ப்பா." கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சந்தனம் அரைத்துப் புதிதாக வைத்தேன். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வைத்தேன். கிழவனுக்கு நல்ல பக்தி என்றார்கள்.

மனதில் என்ன இருந்தது என்று சார்ஜன் இரண்டு தடவை கேட்டார். சொல்கிறேன். கண் இருக்கிறது என்று நம்புகிறவளின் கையில் பயம் இருக்காது. முதல் வாரம் அவள் கை உருளையிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது. கார்த்திகையில் நாலு விரல் இடைவெளி. பொங்கல் முடிந்த பிறகு ஃபோனைப் பார்த்துக்கொண்டே கட்டியைத் தள்ளினாள். நான் கூட்டிக்கொண்டே அந்த இடைவெளியைப் பார்த்து வந்தேன். பயம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. அதனால் சொல்லவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணித் தேத்தண்ணி முடிந்த நேரம். கட்டி மடிந்து அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் பார்த்தாள். பார்த்து, அது நிறுத்தும் என்று காத்திருந்தாள். பிறகுதான் என் ஞாபகம் வந்தது.

"தாத்தா, அமுக்குங்க. தாத்தா, அமுக்குங்க."

பட்டன் என் தோளுக்கு நேரே இருந்தது.

"கண்ணு பாத்துக்கும்னாங்களே புள்ள" என்றேன்.

காலடியில் இருந்த குப்பையைச் சுவரோரம் தள்ளினேன். விளக்குமாற்றைச் சாத்தி வைத்தேன். அதற்குப் பிறகு அமுக்கினேன். அதற்குள் முழங்கை வரை போயிருந்தது.

கரவனெல்லை ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் கொழும்பு ஃபோனில் ரெண்டாம் நம்பர் ரோலர் ஒரு தடவையும் நிற்கவில்லை என்றுதான் விழுந்ததாம். பட்டனை அமுக்குவது அதில் சேராது.

இன்று காலை சார்ஜன் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப் போனார். ஈரத்துணியால் கண்ணைத் துடைத்தார். ரோலரை ஓடவிட்டுத் தன் கையைக் கிட்டே கொண்டுபோனார். நின்றது. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் நின்றது.

"பாத்தீங்களா பெரியவரே. இத மூடாம இருந்திருந்தா அந்தப் புள்ளைக்கு இன்னைக்குக் கை இருந்திருக்கும்."

"காக்கிச் சட்டையக் கண்டு நின்னிருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க வச்சுப் பாருங்க" என்று வழி விட்டார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு தடவை எனக்கு நின்றதுதான், ஆனால் இனி எனக்கு அது நிற்கும் என்று நான் நம்பவில்லை.