சன்னலோரத்து ஆளோட பேரு

இல்லம்மா, இங்க குடிக்க வர்றவனுங்க பொய் சொல்லல. செத்தவரு பேரு நெசமாவே அவனுங்களுக்குத் தெரியாது. கவுன்சில்லேருந்து மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்க, மொதல்ல உட்காருங்க.

பதினாலு வருசமா இந்த பப்புல பீர் ஊத்துறேன். லண்டன் ஆம்பளைங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? சவடால் விட்டா அவன் கீஸர். கோட்டு மாட்டிக்கிட்டு வந்தா சாப். ரெண்டுமில்லன்னா ப்ளோக். கூப்பிடறப்ப எல்லாப் பயலும் மேட், கூட்டாளியாம்! முதுகுல ஒரு தட்டு தட்டி மேட்னுட்டா தீந்துது, பேரு எதுக்கு? பழகின மொத வாரமே கேட்டிருக்கணும். விட்டுட்டா, அப்புறம் கேக்க வெக்கமாம். இருபது வருசம் பக்கத்துல பக்கத்துல உக்காந்து குடிப்பானுங்க, கேக்க மட்டும் மாட்டானுங்க. தூ!

செவ்வாக்கெழமை மத்தியானம், அதோ அந்த சன்னலோர ஸ்டூல்லதான் அவரு சாஞ்சாரு. சட்டப்பையில ஒரு சாவி, வேற ஒண்ணுமில்ல. ஆம்புலன்ஸ்காரம்மா பேரு கேட்டா, ஆறு தடியனுங்களும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கறானுங்க. அவரு நல்ல ப்ளோக்குன்னு ஒருத்தன் சொல்றான் பாருங்க, பளார்னு அறையலாம்னு வந்துச்சு.

சவப்பெட்டி மேல பூவாலயே பேரெழுதி வைப்போமில்ல? அதுக்கு மேட்னு எழுதச் சொல்லி பூக்கடையில ஆர்டர் குடுத்திருக்கானுங்க. பெருமை வேற.

பேரு கெடைக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, நம்பர் போட்டுப் பொதைச்சுடுவீங்களா? ம்... அப்படியா.

அப்ப எழுதிக்கோங்க. லெஸ்லி டன்மோர். பொறந்தது இங்கதான், பெர்மண்ட்ஸியில.

எனக்கெப்படித் தெரியும்னா, என் பர்த் சர்டிஃபிகேட்ல அப்பா பேருன்னு போட்டிருக்கே. மூணு வயசுல என்னையும் அம்மாவையும் விட்டுட்டுப் போன மகராசன். தேடிக் கண்டுபிடிச்சு, அதுக்காகவே இங்க வேலைக்குச் சேந்தேன். உன் பேரென்னம்மான்னு ஒரு நாள் கேப்பாரு, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். தெனமும் டார்லிங், ஒரு பைண்ட் பீர்! அவ்வளவுதான். கேக்கவே இல்லம்மா அந்த ஆளு.

இல்ல, அழல. சொந்தக்காரங்கங்கற எடத்துல மகள்னு போடுங்க.

என் பேரா? டெனீஸ். நீங்களாவது கேட்டீங்களே.