ஏழாவது வரி

இந்த மெஷினுக்கு மூடி ரொம்ப முக்கியம் சார். நிறைய ஆஸ்பத்திரியில மூடியையே போட மாட்டாங்க. அது எங்கேயாவது அலமாரி மேல தூசி படிஞ்சு கிடக்கும். எங்க மல்லேஸ்வரம் கண் ஆஸ்பத்திரியில அஞ்சு வருஷமா மூடி ஒரு நாள்கூட இடம் மாறினதில்லை.

விசாரிக்க வந்த நீங்க என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைச்சு, "தனக்கோடி, இந்தத் தொட்டி எப்படி வேலை செய்யுது, முதல்லேர்ந்து சொல்லுங்க"ன்னு கேட்டீங்க. சேஷகிரி டாக்டர்கிட்ட பதினாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பார்த்திருக்கேன். யாரும் இப்படி உட்கார வச்சுக் கேட்டதில்லை. அதனால ஒண்ணு விடாம சொல்லிடறேன்.

பார்க்க எவர்சில்வர் தொட்டி, அவ்வளவுதான். தண்ணியை ஊத்தி சுவிட்சைப் போட்டா, காதுக்குக் கேக்காத சத்தம் உள்ள போகும். பொடிப்பொடியா குமிழ் உடைஞ்சு, பிரஷ் நுழையாத இடுக்குல இருக்கிற அழுக்கைத் தள்ளி விடும். கண்புரை ஆபரேஷன் சாமானெல்லாம் ஊசி மாதிரிக் குழாய், கையால கழுவி மாளாது. தண்ணியில்லாம ஆன் பண்ணக் கூடாது. ஓடும்போது கையை விடக் கூடாது. சாமானை அடியில போடாம கூடையில தொங்க விடணும். வாரம் ஒரு தடவை அலுமினியத் தாளை முக்கிப் பார்க்கணும், பரவலா பொத்தல் விழுந்தா மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரலை. தொண்ணூத்தி மூணுல மெஷின் வந்தப்போ கூட ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் வந்தது. நான் எட்டாவது ஃபெயில். டிக்‌ஷனரி வச்சுக்கிட்டு ஒரு மாசம் படிச்சேன். தமிழ்ல ஒன்பது வரி எழுதி, பக்கத்துலயே கன்னடத்துலயும் எழுதி, சுவத்துல ஒட்டினேன்.

ஏழாவது வரி மட்டும் புஸ்தகத்துல இல்லை. சர்வீஸுக்கு வந்த இன்ஜினியர் ராஜேந்திரன் சொன்னது. தண்ணி தெளிவா இருந்தாலும் தினமும் சாயங்காலம் வடிச்சு, தொட்டியைத் துடைச்சுக் காய வைக்கணும். ஏன்னு கேட்டேன். "தேங்கின தண்ணியில கிருமி வளரும்ப்பா. அப்புறம் சாமானை ஆவியில வேக வச்சா கிருமி செத்துடும், ஆனா அது விட்டுட்டுப் போற விஷம் சாகாது. கண்ணுக்குள்ள போச்சுன்னா கண்ணே போயிடும்"னாரு. அன்னிலேர்ந்து தினமும் நானே வடிச்சேன். சுவத்துலயே இருந்தும் டாக்டர் அதைப் படிச்சதில்லை, ஏன்னும் அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

போன மார்ச்ல ஆஸ்பத்திரியைப் பார்க்க வெளியிலேர்ந்து நாலு பேர் வந்தாங்க. வர்றதுக்கு முந்தின நாள், கையெழுத்து அசிங்கமா இருக்குன்னு டாக்டரே என் தாளைக் கிழிச்சாரு. கிழிச்சதை நான் குப்பைக் கூடையில பார்த்தேன். அந்த இடத்துல கம்ப்யூட்டர்ல அடிச்ச இங்கிலீஷ் சார்ட், கீழே கிஷோர் பேரு. கிஷோர் சேலத்துப் பையன், டிப்ளமோ முடிச்சிட்டு ஜனவரியில சேர்ந்தவன். வந்தவங்ககிட்ட டாக்டர், "இந்த சிஸ்டமெல்லாம் இவன்தான் கொண்டு வந்தான்"னு அவன் தோள்ல தட்டினாரு. அதுல ஒருத்தர் என்னைக் காட்டி, இவர் யாருன்னு கேட்டாரு. டாக்டர் சிரிச்சுக்கிட்டே கன்னடத்துல சொன்னாரு, "இவரு பாத்ரெ தொளெயோரு."

பாத்திரம் கழுவறவன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சார், வேற என்ன பண்றது? அவரு ஒத்தை ரூம்ல கிளினிக் நடத்தினப்போ ஸ்டவ்வுல தண்ணி கொதிக்க வச்சுக் கொடுத்தவன் நான். அவரு அப்பா செத்த அன்னிக்கு, லிஸ்ட்ல இருந்த பேஷன்ட் வீட்டுக்கெல்லாம் சைக்கிள்ல போய், இன்னிக்கு ஆபரேஷன் இல்லைன்னு சொல்லிட்டு வந்தவன் நான். வயிறு எரிஞ்சுது. இன்னிக்கும் எரியுது.

அவங்க போனதும் புது சார்ட்டைப் படிச்சேன். எட்டு வரிதான் இருந்தது. தண்ணி கலங்கினா மாத்தணும்னு போட்டிருந்தான். ஏழாவது வரி இல்லை.

இனிமே மெஷின் கிஷோர் பொறுப்பு, நீ ட்ரே எடுத்துக் கொடுத்தா போதும்னாரு டாக்டர். சரின்னேன்.

எங்களுக்கு ஆபரேஷன் புதனும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை ஊத்தின தண்ணி புதன் வரைக்கும் அப்படியே நிக்கும். உங்ககிட்ட கிஷோர், தினமும் பார்த்தேன், தண்ணி தெளிவாத்தான் இருந்ததுன்னு சொன்னானாமே. அவன் பொய் சொல்லலை. தெளிவாத்தான் இருந்தது. காலையில அவன் வர்றதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, மிதக்கிறதையெல்லாம் டீ வடிகட்டியால எடுத்துடுவேன். அந்த வடிகட்டி இன்னும் ஸ்டோர் ரூம்ல இருக்கு, ரெண்டாவது தட்டுல.

முதல் புதன்கிழமை ஒருத்தருக்குக் கண்ணு சிவந்துது. சொட்டு மருந்துல சரியாச்சு. அடுத்த புதன் ரெண்டு பேரு. டாக்டர் மருந்துக் கம்பெனியைத் திட்டினாரு. பக்கத்துலதான் நின்னேன். என் பக்கம் திரும்பி, "என்னப்பா தனக்கோடி, உனக்கு என்ன தோணுது?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். அங்கேயே சொல்லியிருப்பேன். அவரு கிஷோரைக் கேட்டாரு.

நான் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை. நான் குடியிருக்கிற மர்பி டவுன்லேர்ந்து ஆபரேஷனுக்கு யார் கேட்டாலும், வெள்ளிக்கிழமை வாங்க, நல்ல நாளுன்னுதான் சொன்னேன். வியாழக்கிழமை தண்ணி புதுசா இருக்கிற மாதிரி நானே பார்த்துக்குவேன். நாலு பேரு அப்படி வந்தாங்க. நாலு பேரும் நல்லா இருக்காங்க.

மங்களத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். எங்க தெருவுல நாலு வீடு தள்ளி இருக்கா. சிவாஜிநகர் துணிக்கடைகளுக்கு ஜாக்கெட்டுல ஜரிகை வேலை செஞ்சு கொடுக்கிறவ, புருஷன் இல்லை, ஊசியில நூல் கோத்தாத்தான் அடுப்பு எரியும். மூணாவது புதன்கிழமை காலையில பார்க்கிறேன், பச்சை கவுனைப் போட்டுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருக்கா.

"ஏம்மா, வெள்ளிக்கிழமைதானே சொன்னேன்?"

"வெள்ளிக்கிழமை கடையில துணி கொடுக்கணும் அண்ணா. டாக்டரைக் கேட்டேன், இன்னிக்கே வான்னுட்டாரு. நீங்க உள்ள இருப்பீங்கல்ல, எனக்கென்ன பயம்?"

இந்த இடம்தான் உங்களுக்கு வேணும்னு தெரியும். பொறுமையா எழுதுங்க.

வீட்டுக்குப் போம்மான்னு சொல்லியிருக்கலாம். ட்ரேயைக் கை தவறின மாதிரி கீழே போட்டிருக்கலாம், அன்னிக்கு லிஸ்டே நின்னிருக்கும். ரெண்டும் எனக்குத் தோணுச்சு. ஆனா நான் ட்ரேயைப் போட்டா டாக்டர் என்ன சொல்லியிருப்பாரு? பாத்திரம் கழுவறவனுக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியலைன்னு சொல்லியிருப்பாரு. அதை நினைச்சேன். அவ மூணாவதா டேபிள்ல படுத்தா. டாக்டர் கையை நீட்டினாரு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்னிக்கு அஞ்சு பேரு. மூணு பேருக்குப் பார்வை திரும்பலை. அதுல மங்களம் ஒருத்தி.

சனிக்கிழமை டாக்டர் என்னை உள்ள கூப்பிட்டாரு. முகம் பேய் அறைஞ்ச மாதிரி இருந்தது. "தனக்கோடி, எனக்கு ஒண்ணும் புரியலைப்பா. நீ ஒரு தடவை பாரேன்"னாரு. எல்லாரும் சுத்தி நின்னாங்க. நான் தொட்டியை வடிச்சேன். வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி மூலையில ஒரு இழுப்பு இழுத்தேன். வழவழன்னு பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தது. கிஷோர் அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டான். டாக்டர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "நீ இல்லாம முடியாதுப்பா"ன்னாரு. பதினாறு வருஷத்துல முதல் தடவை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார்.

என் ஒன்பது வரியை என்னையே திரும்ப எழுதச் சொல்லி, இப்போ பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருக்காங்க. நீங்க போகும்போது பாருங்க, கீழே என் பேரு இருக்கும். கிஷோரை விட்டுடுங்க, அவன் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை.

மங்களத்தை நேத்து போய்ப் பார்த்தேன். அடுத்த கண்ணும் மங்கிக்கிட்டு வருதாம். "இனிமே மெஷின் உங்க கையிலதானே அண்ணா? அப்ப தைரியமா பண்ணிக்கிறேன்"னா.

அவளுக்குத் தெரிஞ்சது இத்தனை நாளா இந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியலை. நீங்க மத்ததையெல்லாம் எப்படி வேணா எழுதிக்குங்க சார், இதை மட்டும் நான் சொல்ற மாதிரியே எழுதுங்க. அந்த மெஷின் என் பொறுப்புல இருந்த வரைக்கும் ஒரு கண்ணுகூடக் கெட்டதில்லை.