எல்லைக்கு வெளியே ஒரு கதவு

விசாரணையைத் தொடங்குமுன் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. எனக்குச் சளி பிடிக்கிற உடம்பு.

அத்தானின் தையல் ஆலையில் நான் மேனேஜர். அவர் என் அக்கா புருஷன் என்பதால் கிடைத்த வேலை என்று ஊர் சொல்லும். வரிச் சட்டம் எனக்கு அத்துப்படி என்பதுதான் உண்மை. தையல் கூடத்தைப் பார்த்துக்கொண்டது அக்கா. தொழில் நலிந்த பகுதிகளை அரசாங்கம் ஊக்க வட்டாரம் என்று அறிவித்தது. அதற்குள் இருக்கிற ஆலைக்குப் பல வருடம் வரி கிடையாது. அது கிடைக்காவிட்டால் அத்தான் ஆலையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வட்டார எல்லையோ எங்கள் கட்டடத்தின் நடுவே போனது. தையல் கூடம் உள்ளே, பின்னால் இருந்த கிடங்கு வெளியே. ஆலை முழுவதும் எல்லைக்குள் இருந்தால்தான் சலுகை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கிடங்கை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டதாகக் காட்டினேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. கதவு இருந்தால் ஒரே கட்டடம், சுவர் இருந்தால் இரண்டு. சட்டம் அப்படி. சலுகைக்காக ஆலையைப் பார்வையிட அதிகாரி வருகிற அன்று காலையில் கதவைப் பூட்டி, கூடத்துப் பக்கம் திரை போட்டு மறைத்து, கிடங்குப் பக்கம் பலகை அடித்து, சுவரின் நிறத்திலேயே வண்ணம் பூசினேன்.

அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய் தம்பி, உள்ள இத்தனை பொண்ணுங்க உக்காந்திருக்காங்க. ஒரு அவசரம்னா எப்படிடா போவாங்க?"

"முன்வாசல் இருக்கே அக்கா. ஆபீசர் போனதும் தொறந்துடறேன்."

"உன் மூளை யாருக்குடா வரும்," என்று தலையில் குட்டினாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதிகாரி தங்கமான மனிதர். கூடத்தைப் பார்த்து முடித்ததும் வெளியே சுற்றிக் கிடங்குக்கு அழைத்து வந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. முன்வாசலை ஒட்டிய இஸ்திரி மேசையில் தீப்பிடித்தது என்று பிறகு சொன்னார்கள்.

"என்னங்க சத்தம்?"

"மெஷின் சார். பழசு, ஆட்டம் ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் பலகையில் சாய்ந்து நின்றேன். முதுகில் சூடு ஏறியது. அவர் கார்ப் பக்கம் நகர்ந்ததும், பலகைக்குப் பின்னாலிருந்து "தம்பி, தம்பி" என்று ஒரு குரல் வந்தது. என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

திறந்திருக்கலாம்தான். ஆனால் அவருடைய கார் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. தாண்டும்வரை நின்றேன். அதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

சலுகை உத்தரவு அடுத்த வாரமே வந்துவிட்டது, ஐயா. அத்தான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்கா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.