அமிர்தராஜ் வீட்டில் நான்கு பன்றிகள் செத்தது பற்றி ஆரோக்கியம்மாள் சொன்னது

1937ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18ஆம் தேதி காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சொல்லி, ஏட்டு எழுதியது.

என் பெயர் ஆரோக்கியம்மாள், வயது முப்பத்தெட்டு, காலஞ்சென்ற சவரிமுத்துவின் மனைவி. மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகா கோம்பையில், மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். பன்றி வளர்ப்பது தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. என் கொழுந்தன் அமிர்தராஜ், தன் பன்றிகளுக்கு நான் அரளி விதை வைத்ததாகக் கொடுத்த பிராது விஷயமாகச் சொல்வதாவது:

அவை அவன் பன்றிகள் அல்ல. என் பன்றிக் கொட்டத்தில் பிறந்து என் கையால் தின்று வளர்ந்த நான்கு மாதக் குட்டிகள், மொத்தம் எட்டு. என் புருஷன் ஆடி மாதம் இறந்தார். அதன் பிறகு கல்லறைத் திருநாள் அன்று, நான் அவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அமிர்தராஜ் கொட்டத்தைத் திறந்து எட்டையும் ஓட்டிக்கொண்டு போனான். கேட்டவர்களிடம், "எங்க அண்ணன் சொத்து. மதினிக்கு இதுல என்ன பாத்தியதை?" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் முகத்தில் விழிக்க எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

நான் அவற்றுக்குத் தவிடும் நறுக்கிய வாழைத்தண்டும் வேகவைத்த கிழங்கும் கொடுத்து வந்தேன். கொழுப்புக்கு ஒரு கை பிண்ணாக்கு, அவ்வளவுதான். வளர்கிற குட்டிக்கு நார் வேண்டும். அது அளவுக்கு மீறினால் தின்ற கொழுப்பு உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். கொழுப்பு மீறினால் வயிறே நிற்காது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டான். பெரிய மனுஷன் அல்லவா. கிறிஸ்துமஸுக்கு மலைத் தோட்டத்துத் துரைமார் கொழுத்த பன்றி வாங்குவார்கள் என்று, டிசம்பர் பிறந்ததும் தவிட்டை அடியோடு நிறுத்திவிட்டு, செக்கில் மிஞ்சிய எண்ணெய்க் கசடையும் கசாப்புக்கடைக் கொழுப்பையும் தொட்டி நிறைய ஊற்றினான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் தேதி முதல் எட்டுக்கும் கழிச்சல் கண்டது. கழிவின் மேல் எண்ணெய் மினுங்கியது. அதன் பிறகு பன்னிரண்டாம் தேதி மத்தியானம், அவன் மனைவி ஞானசெல்வி அவனுக்குத் தெரியாமல் புறவாசல் வழியாக வந்து, "அக்கா, பன்னியெல்லாம் தண்ணியாக் கழியுது. உமியப் போட்டா இறுகிருமாக்கா?" என்று கேட்டாள். நெல் உமி சுவர் பூசும் மண்ணில் கலக்கத்தான் உதவும். நீர் வற்றிய குடலில் போனால் அடைத்துக்கொள்ளும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை இரண்டு நாள் கொடுத்து, பிறகு சிறுகச் சிறுகத் தவிடு சேர்த்திருந்தால் எட்டும் பிழைத்திருக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். நான், "போடு" என்றேன்.

அதன் பிறகு பதினைந்தாம் தேதிக்குள் நான்கு குட்டிகள் வயிறு உப்பிச் செத்தன. அமிர்தராஜ் பிராது கொடுத்தான். பதினாறாம் தேதி போலீஸார் வந்து, தெருவார் முன்னிலையில் ஒரு குட்டியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்ததில் அரளி இல்லை. குடலில் உமி களிமண் மாதிரி கெட்டித்துக் கிடந்தது. உடனே அமிர்தராஜ், "ஏன்டி, யாரக் கேட்டு உமியப் போட்ட?" என்று எல்லார் முன்னாலும் ஞானசெல்வியை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

விஷம் இல்லை என்று தெரிந்ததால் என்மேல் கேஸ் இல்லை, போகலாம் என்று போலீஸார் சொல்லிவிட்டார்கள். இன்று நானாகத்தான் வந்திருக்கிறேன். அமிர்தராஜுக்காக வரவில்லை. அவன் நாசமாய்ப் போனாலும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. அந்தக் குட்டிகள் செத்தது என் சொல்லால். அந்த அறை என் கன்னத்தில் விழ வேண்டியது.

எழுதியதை ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, முழுவதும் நிஜம். இதை அமிர்தராஜைக் கூப்பிட்டு வைத்து, ஞானசெல்வியும் பக்கத்தில் நிற்க, சத்தமாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆரோக்கியம்மாள், இடது பெருவிரல் ரேகை.